பார்படோஸ்: 'துல்லியமான' வரலாறு எதை அளக்கவில்லை?

ரிச்சர்ட் லிகன் 1657ல் வெளியிட்ட பார்படோஸ் புத்தகத்தின் தலைப்பிலேயே 'உண்மையான, துல்லியமான வரலாறு' என்று ஒரு உத்தரவாதம் இருக்கிறது. 1647ல் அந்தக் கரீபியத் தீவுக்குப் போய் 1650 வரை இருந்தவர். ஊர் திரும்பி, கடனுக்காகச் சிறையில் கிடந்தபோது எழுதியது. சர்க்கரை விஷயத்தில் தலைப்பு பொய்யில்லை. ஆலை, கொப்பரை, பாகு காய்ச்சும் பக்குவம், ஒரு தோட்டம் போட ஆகும் செலவு, எல்லாம் விலாவாரியாக இருக்கு.

ஆனா மனிதர்கள் பக்கம் வந்தால் அந்தத் துல்லியம் காணாமல் போய்விடுகிறது. என் குறை அதுதான்.

1627 பிப்ரவரியில் ஹென்றி பவல் சுமார் 80 ஆங்கிலேயரோடு வந்து இறங்கியபோது தீவில் ஆளில்லை. அதனால் 'காலி நிலம், உழைத்துச் செழித்தார்கள்' என்றே கதை ஓடும். அதே கப்பலில் சுமார் 10 ஆப்பிரிக்கர்களும் அடிமைகளாக வந்தார்கள். அடுத்து பவல் கயானா கரைக்குப் போய், மரவள்ளி போன்ற பயிர்களையும், அவற்றை வளர்க்கக் கற்றுத்தர 32 அரவாக் மக்களையும் கூட்டி வந்தார். அவர்கள் சுதந்திர மனிதர்களாக வந்தவர்கள். பிற்பாடு அடிமையாக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி பவலே மனு கொடுக்க வேண்டி வந்தது.

லிகன் என்ன செய்கிறார்? பூர்வகுடிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து அடிமையாக்குகிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மரவள்ளி ரொட்டி செய்வதில் அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தைப் பாராட்டி நகர்ந்துவிடுகிறார். யாரிகோ என்ற பெண்ணை மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒரு ஆங்கிலேய இளைஞனை ஒளித்து வைத்து, சோறு போட்டுக் காப்பாற்றியவள். பார்படோஸ் வந்ததும் அவனே அவளை விற்றுவிட்டான். லிகன் அவளுக்காகப் பரிதாபப்படுகிறார். ஆனால் அவர் காலில் ஏறிய மணல் தெள்ளுப்பூச்சிகளை எடுத்துவிட்டதும் அதே யாரிகோதான்! பரிதாபம் அந்த வேலையை நிறுத்தவில்லை.

புத்தகத்தில் உள்ள வரைபடத்தையும் பாருங்க. மேற்குக் கரை நெடுக தோட்ட முதலாளிகளின் பெயர்கள். உள்ளே, தப்பி ஓடும் இரண்டு அடிமைகளைக் குதிரையில் துரத்திச் சுடும் ஒருவன். நிலத்துக்குப் பெயர் இருக்கு, ஓடுறவங்களுக்கு இல்லை.

படிக்க வேண்டாம்னு நான் சொல்லவில்லை. அவசியம் படிக்கணும். யாரிகோவையும் அந்தத் துரத்தலையும் நமக்கு விட்டுப்போனவரும் லிகன்தான். ஆனால் 'ஆளில்லாத தீவில் ஆங்கிலேயர் குடியேறினர்' என்ற வரியை அடுத்து எங்கே பார்த்தாலும், அங்கே மரவள்ளி நட்டது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.