பச்சைப் பெட்டி எடுத்துக்கொள்ளும் ஒலி

மேடையில் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாகச் சில உலோகப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்று பச்சையாக இருந்தால், அது பெரும்பாலும் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர், அல்லது அதைப் பார்த்துச் செய்த இன்னொன்று. 1970-களின் இறுதியில் ஜப்பானில் சுசுமு தமுரா என்ற பொறியாளர் வடிவமைத்த மின்சுற்று அது. கரகரப்புக்கு டிரைவ், ஒலியின் தன்மைக்கு டோன், சத்தத்துக்கு லெவல் என மூன்று குமிழ்கள், காலால் அழுத்த ஒரு சுவிட்ச், உள்ளே 9 வோல்ட் பேட்டரி, பெட்டி அவ்வளவுதான். அழுத்தியதும் கிட்டாரின் ஒலி தடிக்கிறது, நீள்கிறது, அதன் ஓரம் லேசாகக் கரகரக்கிறது. பெட்டி எதையோ கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கனம் சேர்க்கும், இனிமை சேர்க்கும் என்றுதான் இத்தகைய பெடல்களை விற்பவர்களும் சொல்கிறார்கள். ஆனால் இதன் அருமை அது சேர்ப்பதைவிட எடுத்துவிடுவதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் வாதம். எதை எடுக்கிறது, எந்த இடத்தில் எடுக்கிறது என்று காது ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும். அதன்பிறகு ராக், புளூஸ் இசைத்தட்டுகளில் கிட்டார் வேறு மாதிரி கேட்கத் தொடங்கும்.

சேர்ப்பதே பெடலின் வேலை என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் பிரபலமான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் வண்டு ரீங்காரமிடுவதுபோலப் பதிவானது. பழுது என்று தூக்கி எறியாமல் அதை அப்படியே விட்டார்கள். மறு ஆண்டு அந்த ரீங்காரத்தை வேண்டும்போது எழுப்ப மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. கிட்டாரை ட்ரம்பெட், டிராம்போன் போலப் பேசவைக்கும் கருவி என்றே அது அறிமுகமானது. 1965-இல் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்ததும், பின்னால் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய வரிக்கு ஒரு முன்மாதிரியாகத்தான். ஃபஸ் பெட்டி கிட்டாருக்கு ஒரு வேடம் போட்டது. அந்த வேடத்துக்குள் வாசிப்பவரின் விரல் மறைந்துபோனது. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே ரீங்காரம். அதே காலத்தில் வேறு சிலர் விரும்பியது இன்னொன்று: வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைவரை முடுக்கும்போது அது திணறித் தரும் கரகரப்பு. அங்கே விரல் மறையாது. மெல்லத் தொட்டால் ஒலி தெளிவாக இருக்கும், அழுத்தினால் உறுமும். அதில் உள்ள தொல்லை, அந்தத் திணறல் வர ஆம்ப்பைக் காது வலிக்கும் அளவுக்குக் கூட்ட வேண்டும். அந்த உறுமலைத் தாங்கக்கூடிய ஒலியளவில் தருவதற்கு ஓவர்டிரைவ் பெடல்கள் வந்தன; 1977-இல் பாஸ் நிறுவனத்தின் ஓடி-1, பிறகு டியூப் ஸ்க்ரீமர். பெயரில் உள்ள ‘டியூப்’ குறிப்பது வால்வைத்தான். பெட்டிக்குள் வால்வு ஏதும் இல்லை.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். தந்தியின் அதிர்வை உணரும் கிட்டாரின் பிக்-அப் தரும் மின் அலை மிகச் சிறியது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். பெட்டி அதைப் பெருக்குகிறது. பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராகக் கட்டப்பட்ட இரண்டு சிலிக்கான் டையோடுகள் இருக்கின்றன. அலை ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டப் பார்க்கும்போது அவை கடத்தத் தொடங்கி, அலையின் முகட்டை மழுக்கிவிடுகின்றன. கரகரப்பு பிறப்பது அந்த மழுங்கலில். இதுவரை பல ஓவர்டிரைவ் பெடல்களுக்குப் பொதுவான கதை. டியூப் ஸ்க்ரீமரின் குணம் அதற்கு முந்தைய ஒரு சிறு முடிவில் இருக்கிறது. பெருக்கும் அளவை நிர்ணயிக்கும் இடத்தில் 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக நிற்கின்றன. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் 720 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்கு மேலுள்ள ஒலிகள் முழுதாகப் பெருகும், அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிட்டாரின் மிக மெல்லிய தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் எழும் சுரம் 659 ஹெர்ட்ஸ். அதாவது, அந்த எல்லைக்கோடு கிட்டாரில் வாசிக்கும் பெரும்பாலான சுரங்களின் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலே இருக்கிறது! டிரைவ் குமிழை முழுக்க இறக்கி வைத்தாலும் உயர் ஒலிகள் ஏறக்குறைய 12 மடங்கு பெருகுகின்றன. தடித்த அடித்தந்தியின் 82 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலியோ இரண்டு மடங்குகூடப் பெருகுவதில்லை. அதை அடியோடு வெட்டிவிடுவதும் இல்லை. உள்ளே வந்த மூல அலை அப்படியே மழுங்கிய அலைக்கு அடியில் சேர்ந்து வெளியே போகிறது. தந்தியில் பிளெக்ட்ரம் படும் அந்த நொடியின் கூர்மை கரகரப்புக்குள்ளும் தப்பிப்பிழைப்பதற்கு இதுதான் காரணம்.

கீழ் ஒலியை மழுங்கவிடாமல் ஒதுக்கிவைப்பதில் என்ன இவ்வளவு பெரிய நன்மை? இரண்டு சுரங்களைச் சேர்த்து மழுக்கும்போது அவற்றின் மேற்சுரங்கள் மட்டும் பிறப்பதில்லை. இரண்டின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாகப் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தோடு அதன் பஞ்சமமான 165-ஐச் சேர்த்து மீட்டினால், கழித்தல் 55. அது அதே ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. ஒத்துப்போகிறது, கம்பீரமாகவும் இருக்கிறது. ராக் இசை இந்த இரண்டு சுரச் சேர்க்கையை இவ்வளவு நேசிப்பது தற்செயல் இல்லை. பஞ்சமத்துக்குப் பதிலாக அந்தர காந்தாரத்தை, 139 ஹெர்ட்ஸ் அளவில் சேர்த்தால் கழித்தல் 29. சுரமாகப் பிடிபடாத ஓர் உறுமல் அது, சேறுபோல அடியில் தேங்கும். மழுக்குவதற்கு முன்பே கீழ் ஒலியைக் குறைத்துவிட்டால் இந்தச் சேறு வெகுவாகக் குறைகிறது. என் வாதத்துக்கு ஆகச் சிறந்த சான்றை ஹெவி மெட்டல் கிட்டார்காரர்கள் தருகிறார்கள். அவர்களது ஆம்ப்பிலேயே இந்தப் பச்சைப் பெட்டி தரக்கூடியதைப் போலப் பல மடங்கு கரகரப்பு இருக்கிறது. ஆனாலும் பலர் டியூப் ஸ்க்ரீமரை ஆம்ப்புக்கு முன்னால் வைத்து, டிரைவ் குமிழை முழுக்க இறக்கி, லெவலை முழுக்க ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெட்டியின் கரகரப்பு இல்லை. ஆம்ப்புக்குள் போகும் முன் அடி ஒலி இறுக்கப்பட வேண்டும். கையால் அடக்கி வேகமாக மீட்டும் தந்தி ஒவ்வொரு அடியிலும் தனித்தனியாக வெட்டுப்பட வேண்டும். சேர்ப்பதற்காக விற்கப்பட்ட கருவியை எடுப்பதற்காக மட்டும் வாங்குகிறார்கள்.

பெட்டி எதையும் சேர்ப்பதே இல்லையா என்று கேட்டால், சேர்க்கத்தான் செய்கிறது. அலையின் இரு பக்கமும் ஒரே அளவில் மழுங்கும்போது மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றைப்படை மடங்கு ஒலிகள் கூடுகின்றன. மூன்றாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாவது, இரண்டு ஸ்தாயி மேலே நிற்கும் அந்தர காந்தாரம். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புதிதில்லை. சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில், யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் மிதந்து வருமே, அது இதே ஐந்தாவது மடங்குதான். அங்கே அதை வெளிக்கொணர்வது குதிரையின் வளைவும், தந்திக்கு அடியில் நுழைத்து வைக்கும் நூலும். சி.வி. ராமன் 1921-இல் வீணை, தம்புராக்களின் குதிரையை ஆராய்ந்து, தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் எழாது என்று பழைய விதி சொல்கிறதோ, அது அங்கேயும் எழுகிறது என்று காட்டினார். அந்த நூலை ஒரு நூலிழை நகர்த்தினாலும் ஜீவன் போய்விடும் என்று தம்புரா பிடிப்பவர்கள் அறிவார்கள். வழிகள் வேறு, ஒன்றில் நூலும் தந்தியும் உரசுகின்றன, மற்றதில் மின் அலை மழுங்குகிறது. ஆனால் தந்தியின் நேரான அதிர்வை ஒரு சிறு தடை கோணலாக்கி, அதன் வழியே மேற்சுரங்களை வெளியே வரவைக்கிறது என்பது இரண்டிலும் உண்மை. ஆகவே ஓவர்டிரைவ் கேட்கும்போது கரகரப்பைக் கேட்காதீர்கள், நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்துக்குள் அந்தப் பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் தேடுங்கள். தம்புராவில் பழகிய காதுக்குக் கொஞ்ச நேரத்தில் அகப்படும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இந்தப் பெட்டி ஒலியை மூக்கடைத்ததுபோல ஆக்குகிறது என்பது. குற்றச்சாட்டு உண்மை. மழுக்கிய பிறகு உயர் ஒலிகளையும் பெட்டி குறைக்கிறது, அதுவும் ஏறக்குறைய அதே 720 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். கீழும் மேலும் தேய்ந்து, நடு மேடிட்டு நிற்கிறது. வீட்டில் தனியாக வாசித்துக் கேட்டால் வயிறில்லாத, பளபளப்பில்லாத ஒலியாகத் தெரியும். கூட ஒரு பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேரட்டும். கீழே பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் குடியிருக்கின்றன, மேலே சிம்பல்கள். தனியாகக் கேட்கும்போது குறையாகத் தெரிந்த பள்ளங்கள் இரண்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்த இடங்கள் என்று அப்போதுதான் புரியும். தனியாக மிக அழகாக ஒலிக்கும், கீழும் மேலும் பெருத்த கிட்டார் ஒலி, கூட்டத்துக்குள் கரைந்து காணாமல் போகும். இதைக் கேட்டறிய ஸ்டீவி ரே வானின் 1983 தொகுப்பு ‘டெக்சஸ் ஃப்ளட்’ போதுமானது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் என மூவர் மட்டுமே. ஒருவர் ஒலி இன்னொருவர் மேல் ஏறுவதில்லை. வான் டியூப் ஸ்க்ரீமரைக் கரகரப்புக்காகப் பெரிதும் நம்பியவர் இல்லை. டிரைவைத் தாழ்வாகவும் லெவலை உயரமாகவும் வைத்து, ஃபெண்டர் வால்வு ஆம்ப்பை முன்னுக்குத் தள்ளவே அதைப் பயன்படுத்தினார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், செல்போன் ஸ்பீக்கர் பேஸ் கிட்டாரை விழுங்கிவிடும். முதல்முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அதன் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தத் துல்லியத்துக்குக் கிட்டார் எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒலி விரலில் இருக்கிறது, பெட்டி திறமையின்மைக்குப் போர்வை என்பது. மழுக்கல் ஓரளவு போர்வைதான். சத்தமான ஒலிக்கும் மெல்லிய ஒலிக்குமான இடைவெளியைக் குறுக்குகிறது, தளர்ந்த விரலுக்குக்கூட நீட்சியைக் கடன் கொடுக்கிறது. ஆனால் அதே குறுக்கல், மெல்லிய ஒலிகளை மேலே தூக்குகிறது. தொடக் கூடாத தந்தியில் கை உரசினால் கேட்கும். மெட்டை விட்டு விரல் எடுக்கும் சத்தம் கேட்கும். அடுத்த தந்தியை அடக்கத் தவறினால் அது கூடவே முழங்கும். டிரைவ் அதிகமாக வைத்து வாசிப்பவரின் வலதுகையும் இடதுகையும் சும்மா இருக்கும் தந்திகளை இடைவிடாமல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவர் காணாத பாதி உழைப்பு அது. ஆகவே போர்வை என்பதை ஒப்புக்கொள்ளலாம், எல்லாவற்றையும் மூடும் போர்வை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

பழைய பெட்டிகளில் இருந்த ஜேஆர்சி 4558 என்ற சில்லுக்காக மட்டுமே பெரும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சில்லு அன்றைய சாதாரண ஒலிக்கருவிகள் பலவற்றிலும் இருந்த மலிவான சரக்கு. பெட்டியின் குணத்தை எழுதுவது மேலே சொன்ன மின்தடையும் கெபாசிட்டரும் டையோடும்; அந்த மதிப்புகள் சரியாக இருக்கும் மலிவு விலைப் பிரதியிலேயே இந்தப் பாடம் முழுவதையும் கேட்டுக் கற்கலாம்.

வாங்கி வைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் வகை. மாற்றிச் செருகினால் பெட்டி பழுதாகலாம். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் முதலில் இதற்குள் போகட்டும். எதிரொலியும் ரிவர்பும் தரும் பெடல்கள் இதற்குப் பிறகு வரட்டும். முன்னால் வைத்தால் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி வாலையும் இது பெருக்கி மழுக்கிக் குழப்பும். ஆம்ப்பைப் பெட்டியில்லாமல், ஓங்கி மீட்டினால் மட்டும் கரகரக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். டோனை நடுவில் வையுங்கள், டிரைவைக் கடிகார முள் ஒன்பதில் நிற்கும் இடத்துக்குமேல் முதலில் ஏற்றாதீர்கள். பெட்டி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை எடைபோடும்போது, லெவலைச் சரிசெய்து இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கவிடுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகக் காது எண்ணிக்கொள்ளும். ஒப்பீடு முடிந்த பிறகு ஆம்ப்பை முடுக்க லெவலை வேண்டுமளவு ஏற்றிக்கொள்ளலாம். டோனை இறுதியாக முடிவு செய்வதை மற்றவர்கள் சேர்ந்து வாசிக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அப்புறம் பெட்டியைத் தொடாமல், கிட்டாரில் இருக்கும் ஒலியளவுக் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கி அதே வரியை மறுபடி வாசியுங்கள். அலை சிறுக்கிறது, டையோடுகள் முன்போல விழிப்பதில்லை, கரகரப்பு விலகிப் பிளெக்ட்ரம் தந்தியில் படும் சத்தம் முன்னால் வருகிறது. இனி அந்தக் குமிழ் ஆறிலேயே இருக்கட்டும். வலதுகையை மட்டும் மெல்ல அழுத்திக்கொண்டே போய், கரகரப்பு எந்த அடியில் திரும்பி வருகிறது என்று கேளுங்கள்.