கடல் கடந்தால்தான் ஆட்டக்காரரா?

இந்தியக் கால்பந்தின் சுனில் சேத்ரியைப் புகழ்ந்து யாராவது பேசத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் ஒரு கேள்வியைப் போடாமல் விடமாட்டார்: "அதெல்லாம் சரி, வெளிநாட்டில் போய் என்ன கிழித்தார்?" 2024 ஜூனில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக ஆடி அவர் விடைபெற்றபோது, கணக்கில் இருந்தவை 151 ஆட்டங்கள், 94 கோல்கள். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களில் நாட்டுக்காக அவரைவிட அதிகம் அடித்திருந்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும்தான். ஆனால் அந்த 94-இல் கணிசமானவை மாலத்தீவு, நேபாளம் போன்ற எளிய அணிகளுக்கு எதிராக விழுந்தவை. அதனால்தான் வெளிநாட்டு கிளப்பை உரைகல்லாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். உரைகல் சரியானதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வலுவான லீக்கில் ஆடுவதால் ஒரு ஸ்ட்ரைக்கருக்குக் கிடைக்கும் லாபம் முதலில் நேரம் சம்பந்தப்பட்டது. பந்து காலுக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்த்து, திரும்பி, அடிக்க உள்ளூர் தடுப்பாட்டக்காரர் இடம் கொடுப்பார். வலுவான லீக்கில் இருப்பவர் பந்து வரும்போதே முதுகில் ஏறி நிற்பார். எங்கே அடிக்கப்போகிறோம் என்பதைப் பந்து வருமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் பயிற்சி மைதானத்தில் பாதிதான் வரும். மீதி, புள்ளிகளுக்காக ஆடும் ஆட்டத்தில் அடிபட்டு வருவது.

சேத்ரிக்கு முந்தைய இந்திய ஸ்ட்ரைக்கர் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு அது கிடைத்தது. 1999-இல் அவர் சேர்ந்த பரி, இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய சிறிய கிளப். மூன்று சீசன்களில் 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். எண்ணிக்கையாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் திரும்பி வந்து ஈஸ்ட் பெங்கால் சட்டையில் 2003 ஆசியான் கிளப் கோப்பைக்காக ஜகார்த்தா போனவர், 9 கோல்களோடு அந்தப் போட்டியில் மிக அதிகம் அடித்தவரானார், கோப்பையும் வந்தது. எல்லாப் புகழும் பரிக்கே என்று சொல்லிவிட முடியாது. முரட்டுத் தடுப்பாட்டத்தில் மூன்று ஆண்டு ஊறியது வீணாகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

சேத்ரிக்கு நேர்ந்தது வேறு. 2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க முன்வந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்பதால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. ஆட்டக்காரரின் தகுதியை நாட்டின் தகுதியோடு முடிச்சுப் போடும் இந்த விதி, பின்தங்கிய நாட்டுக்காரர் முன்னேறும் வழியையே அடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி விஸார்ட்ஸ் கூப்பிட்டது. அங்கே லீக்கில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. உள்நாட்டுக் கோப்பைப் போட்டி ஒன்றில் ஆடினார், அவ்வளவே. 2012-இல் போர்ச்சுகலில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப் எடுத்தது. ஆட வைத்ததோ இரண்டாம் நிலை லீக்கில் இருந்த பி அணியில், அதுவும் மூன்றே ஆட்டங்கள். பெரிய கிளப்பின் பெயர் பத்திரிகைகளுக்குச் செய்தியானது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அதனால் என்ன பயன்? வயதும் இடித்தது. பிற நாட்டு இளைஞர்கள் கற்றுக்கொள்ளப் போகும் பி அணிக்கு இவர் 28 வயதில் போனார்.

ஊர் திரும்பியவர் தேங்கிவிடவில்லை. ஆசிய கிளப்புகள் மோதிய 2016 ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பெங்களூரு கண்டீரவா மைதானம். எதிரே நடப்புச் சாம்பியன் மலேசியாவின் ஜோகூர் தாருல் தாஜிம். முதல் கோல் அவர்களுடையது. இடைவேளைக்குச் சற்று முன் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தார், ஐந்தரை அடியைச் சற்றே தாண்டுகிற சேத்ரி. இரண்டாம் பாதியில் பெட்டிக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து வளைத்து அடித்தது கோல்கீப்பர் கைக்கு எட்டவில்லை. 3-1 வெற்றியோடு பெங்களூரு எஃப்.சி., அந்தப் போட்டியின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. லிஸ்பனில் பெஞ்சைத் தேய்த்திருந்தால் இந்த ஆட்டம் வாய்த்திருக்காது.

அப்படியானால் உள்ளூரே போதும் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய 2014-இல் ஒரு அணியில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்க முடிந்தது. 2017-இல் அது ஐந்தானது, 2021-இல் நான்கு. பணம் போட்ட கிளப்புகளுக்கு உடனே கோல் வேண்டும். ஆகவே ஸ்பெயின், பிரேசில் எனத் தேடி முதலில் வாங்கியது ஸ்ட்ரைக்கரைத்தான். பெங்களூருவிலேயே 2017-18 சீசனில் நடுவில் நின்றவர் வெனிசுலாவின் மிக்கு. சேத்ரி பெரும்பாலும் இடது ஓரத்துக்கு ஒதுங்கினார். அப்படியும் 14 கோல் அடித்தது அவர் கெட்டிக்காரத்தனம். இருபது வயதுப் பையன்களுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வருமுன்பே இடம் பறிபோனது. விளைவு 2025 மார்ச்சில் வெட்டவெளிச்சமானது: கோலடிக்க ஆளில்லாமல், ஓய்வு பெற்றவரை 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் அடித்தது 95-ஆவது கோல். ரசிகர்கள் கொண்டாடினார்கள், கால்பந்துக் கூட்டமைப்பு வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

பூட்டியா வெளியே போய் ஆடினார், சேத்ரி திரும்பி வந்து ஆடினார். இருவரையும் வளர்த்தது ஆடிய நிமிடங்கள்தான். கிளப்பின் பெயரையும் நாட்டின் பெயரையும் வைத்து எடைபோடுவது பொய்த் தராசு. 18, 19 வயதில் தாய்லாந்து, மலேசியா, ஜப்பானின் கீழ்நிலை லீக் என்று களமிறங்க வாய்ப்புள்ள இடத்துக்கு ஒரு பையன் போவது, 28 வயதில் ஐரோப்பிய பி அணிக்குப் போவதைவிட மேல். அதற்கு முன், இங்கே ஒன்பதாம் எண் சட்டையை உள்ளூர்ப் பையனுக்குக் கொடுத்து, நாலு வாய்ப்பைக் கோட்டைவிட்டாலும் பொறுத்திருக்கிற கிளப்புகள் வேண்டும். அது இல்லாதவரை, வெளிநாட்டில் என்ன சாதித்தார் என்று சேத்ரியைக் கேட்க நமக்கு வாயில்லை.