சட்டத்தின் பழகுநரும் சைட்டின் ஹெல்பரும்

முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தாம்பரத்தைச் சுற்றி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அங்கெல்லாம் காடி வெட்டி, குழாய் பதித்து, வயர் இழுக்கும் எலக்ட்ரீஷியனோடு ஒரு ஹெல்பரும் இருப்பார். அவரும் தொழில் பழகுகிறவர்தான். ஆனால் தொழிற்பழகுநர் சட்டம், 1961 அவரைக் கண்டுகொள்வதில்லை. அதன் பார்வை ஆலைகளையும் பெரிய நிறுவனங்களையும் நோக்கியே இருக்கிறது. மின்பணிப் பயிற்சியை எடைபோட வேண்டுமானால் இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டம் காட்டும் வழி தெளிவானது. பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கிறார். பிறகு ஒரு நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்து, தேர்வெழுதி, தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறுகிறார். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931 முதல் இந்த வட்டாரம் மின்பணியாளர்களை நம்பியே இயங்குகிறது. தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் இன்றும் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. இத்தகைய இடங்களில் கிடைக்கும் பெரிய செல்வம் ஒழுங்கு. மின்னோட்டம் நிறுத்தப்பட்டது உறுதியாகாமல் எதிலும் கை வைக்கக் கூடாது, மின்காப்பை மெகர் வைத்துச் சோதிக்காமல் மோட்டாரை ஓட்டக் கூடாது என்பவை அங்கே தினசரிப் பழக்கம். இருபது வயதுக்குள் கையில் ஊறிய இந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க உயிரைக் காக்கும்.

இந்த வழியின் குறைகளும் சிறியவை அல்ல. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். வெளியூரிலிருந்து வந்து தாம்பரத்தில் அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு இது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறிதான். சட்டத்தின்படி அவர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளர் அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ரயில்வே தன் கடைநிலைப் பணி நியமனங்களில் 20 சதவீதத்தைத் தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. தனியார் நிறுவனங்களில் அப்படி ஓர் உறுதி கிடையாது. இதனால், ஆண்டுதோறும் புதிய அணியை எடுத்து, பழைய அணியை அனுப்பிவிட்டு, அப்ரண்டிஸை மலிவான கூலியாளாக வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உருவாகிறது. எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்பதற்கு விதி கணக்குச் சொல்கிறது. அவர்களுக்கு யார் எவ்வளவு கற்றுக்கொடுத்தார் என்று கேட்கும் கண்டிப்பு அந்த அளவுக்கு இல்லை.

சைட்டில் பழகும் ஹெல்பருக்கு முதல் நாளிலிருந்தே கூலி கிடைக்கிறது. பழைய வீடு, புது வீடு, கடை, கிணற்று மோட்டார் என்று விதவிதமான வேலைகள் அவர் கைக்கு வருகின்றன. பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூர்மையில் அவர் பல சமயம் சான்றிதழ்காரரை மிஞ்சுகிறார். ஆனால் அவருக்கு ஆசான் ஒரே ஓர் அண்ணன்தான். அண்ணனுக்குத் தெரியாதது தம்பிக்கும் தெரியாது. அண்ணன் செய்யும் தவறும் அப்படியே தம்பிக்கு வந்துசேரும்.

ஓர் உதாரணம் போதும். வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி., பேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் வழியே வரும் நியூட்ரலை, அதைத் தொடாமல் செல்லும் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்துவிட்டால், கசிவே இல்லாமலும் அது ட்ரிப் ஆகும். காரணம் தெரிந்தவர் நியூட்ரல்களைப் பிரிப்பார். தெரியாதவர் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போவார். விளக்கு எரியும், வீட்டுக்காரரும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. அப்படிப்பட்ட தாழ்வான பகுதியில், பாதுகாப்புக் கருவி இல்லாத வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு. தமிழக அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு, வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டு அனுபவமும் 21 வயதும் உள்ளவர்களுக்கு வாசல் திறக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாத கைகளையும் அரசு மதிக்கிறது என்பது பெருமைக்குரியது. ஆனாலும் அந்தத் தேர்வு கடைசியில்தான் சோதிக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளும் அவர் சரியாகக் கற்றாரா, தவறாகக் கற்றாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஐந்து ஆண்டுகளைத்தான் பயிற்சிக்காலமாக மாற்ற வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் வரை விருப்பம் என்கிறது விதி. இரண்டு மூன்று ஆட்களோடு தொழில் செய்யும் ஒப்பந்ததாரர் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆனால் பல முதலாளிகள் சேர்ந்து பயிற்சி தரலாம் என்பதற்கு அதே சட்டத்தின் எட்டாம் பிரிவு இடமளிக்கிறது. இதைச் சிறு ஒப்பந்ததாரர்களுக்கும் விரிவாக்கலாம். உரிமம் பெற்ற பத்து ஒப்பந்ததாரர்கள் ஒன்றுசேரட்டும். வாரத்தில் ஐந்து நாள் சைட், ஒரு நாள் கிண்டி அல்லது செங்கல்பட்டு அரசு ஐ.டி.ஐ. என்று வகுக்கட்டும். நாடு முழுவதற்கும் ஐ.டி.ஐ. பாடநூல் தயாரிக்கும் நிமி நிறுவனமே கிண்டியில்தான் இருக்கிறது. இப்படித்தான் ஜெர்மனியில் சிறு பட்டறைகளும் இளைஞர்களை மூன்றரை ஆண்டு பழக்கி, இடையிடையே தொழிற்பள்ளிக்கு அனுப்பி, கைத்தொழில் சங்கத்தின் தேர்வுக்குத் தயார்செய்கின்றன.

செலவு ஒரு தடையாகச் சொல்லப்படும். 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கிறது. சைட்டில் கற்றுக்கொடுக்கும் அண்ணனுக்கும் அதுபோல் ஒரு தொகை தரலாம். ஆசானுக்கு ஊதியமும் பொறுப்பும் இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கும். இல்லாவிட்டால் சட்டத்தின் வழியில் சான்றிதழும், சைட்டின் வழியில் துணிச்சலும் மட்டுமே மிஞ்சும். ஒரு வீட்டின் மின் இணைப்பை ஒப்படைக்க இவற்றில் எதுவும் தனியாகப் போதாது.