வெளுத்த கையும் வெளுக்கப்பட்ட கதையும்

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'செல்ஃப் மேட்' தொடரைப் பார்த்தேன். நாலு பாகம். கறுப்பினப் பெண் தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கரின் கதை. சந்தோசமும் கோபமும் ஒருசேர வந்தது.

வாக்கரின் சொந்தப் பெயர் சாரா பிரீட்லவ். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். ஏழு வயதில் அநாதை, இருபதில் விதவை. செயின்ட் லூயிஸ் நகரில் ஊரார் அழுக்குத் துணியை வெளுத்துத்தான் மகளை வளர்த்தார். பிறகு கூந்தல் தைலம் விற்கப் போனார். 1910இல் இண்டியானாபொலிஸுக்குப் போய்த் தொழிற்சாலை கட்டினார்.

அவர் முதலில் விற்றது ஆனி டர்ன்போ மலோனின் சரக்கை. மலோனும் அடிமை வம்சத்துப் பெண்தான். 1918இல் செயின்ட் லூயிசில் 'போரோ' கல்லூரியைத் திறந்தவர். இருவருக்கும் தொழில் போட்டி இருந்தது நிஜம். தொடர் என்ன செய்கிறது? மலோனுக்கு வேறு பேர் வைத்து, செவத்த தோல் கொடுத்து, வில்லியாக்கிவிடுகிறது. ரெண்டு பொம்பள தொழில் பண்ணா குடுமிப்பிடி சண்டதான் என்கிற அதே பழைய ஆம்பளப் புத்தி. பார்த்து முடித்து எழுந்தால் மனசில் நிற்பது இந்தச் சண்டைதான்.

வாக்கரின் நிர்வாகம் எங்கே இருந்தது? 1917இல் பிலடெல்பியாவில் தன் விற்பனைப் பெண்களை மாநாடாகக் கூட்டினார். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதிகம் விற்றவருக்கு மட்டுமல்ல, தர்ம காரியத்துக்கு அதிகம் கொடுத்தவருக்கும் பரிசு. அந்த வருசம் ஜூலையில்தான் கிழக்கு செயின்ட் லூயிசில் வெள்ளைக் கும்பல் கறுப்பு மக்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்தியிருந்தது. அந்தப் பெண்கள் சும்மா கலையவில்லை. கும்பல் கொலைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் வில்சனுக்கே தந்தி அடித்தார்கள். தைலம் விற்ற கூட்டம் அரசியல் பேசிய கூட்டமானது.

வாக்கர் புனிதர் அல்ல. லாபம் பார்த்தவர்தான், 1918இல் நியூயார்க் அருகே மாளிகை கட்டிக் குடியேறியவர்தான். ஆனால் 'தானே உருவானவர்' என்ற தலைப்பு பொய். வெளுக்கிற வேலையில் கிடந்தபோது கைகொடுத்த செயின்ட் பால் தேவாலயத்துப் பெண்கள், தொழில் கற்றுத்தந்த மலோன், வீடு வீடாகப் போய் விற்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்துதான் வாக்கர்.

நம்ம பக்கமும் இப்போது தலித் கோடீஸ்வரர் கதைகள் வருகின்றன. வரட்டும். படிக்கும்போது ஒன்றை மட்டும் கேட்போம்: கூட நின்ற பெண்கள் எங்கே? அவர்களை வெளுத்தெடுத்துவிட்டுச் சொல்கிற கதை, ஜெயித்தவர் கதையாக இருக்கலாம். நம்ம சனத்தின் கதை ஆகாது.