சிறுவிடையின் அடை

பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் புழக்கடைகளில், வைக்கோற்போருக்கும் தொழுவத்துக்கும் இடையே குப்பை கிளறித் திரியும் சிறுவிடைக் கோழி, மேனியில் சிறியதாயினும், அடைகிடப்பதில் பெரிய ஜாதிகளையெல்லாம் வென்றுவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். கூடையில் மணல் பரப்பி, இடியோசையில் கரு கலங்காதிருக்கட்டும் என்று கரித்துண்டும் இரும்புத்துண்டும் செருகி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்துவிட்டால், இரைக்கும் நீருக்கும் சற்றே எழுவது தவிர, 21 நாளும் அது அசைவதெல்லாம், முட்டைகளை அலகினால் புரட்டி, ஓரத்தில் குளிர்ந்ததை நடுவுக்குக் கொணர்வதற்கே. பொரிக்குமுன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிட, தாய் தாழ்ந்த குரலில் மறுமொழி கூறும் அந்த சம்பாஷணையை நான் கூடையருகே குந்தி வெகுநேரம் கேட்டிருக்கிறேன். முட்டைக்கென்றே வளர்க்கப்பெற்ற வெள்ளை லெகார்னிடம் இந்த வாத்ஸல்யம் தலைமுறை தலைமுறையாகக் கழிக்கப்பட்டுவிட்டது. பெரிய நஷ்டம் அது.

வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, ஆதித்தாயான செங்காட்டுக் கோழியினின்று அன்றி, தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியினின்றே வந்திருக்கக்கூடும் என 2008இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டனர். இடுக்கி மலையில், மறையூர்க் காட்டோரம், விடியலில் அக்காட்டுச் சேவலின் உடைந்த கூவலைக் கேட்டபோது, கொழிஞ்சாம்பாறைக் கூடையில் மடங்கிக் கிடந்த மஞ்சள் கால்கள் என் கண்முன் நின்றன.