பகவதி கேட்கும் கம்பன்

கம்பனை விடிய விடியப் பாடி, பாட்டுக்குப் பாட்டு பொருள் விரித்து, அதைப் பல இரவுகள் தொடர்ந்து நடத்துகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் காவிரிக் கரையைத்தான் கைகாட்டுவோம். அது இருப்பது பாரதப்புழைக் கரையில். பாலக்காடு மாவட்டத்திலும், அதை ஒட்டிய திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் உள்ள பகவதி கோயில்களில் தை தொடங்கி வைகாசி வரை தோல்பாவைக்கூத்து நடக்கிறது. ஊர் பேசுவது மலையாளம். திரைக்குப் பின்னிருந்து வருவது கம்பன் பாட்டு.

ஒரு வட்டாரத்தின் ஆவணத் தொகுப்பு என்றதும் இரும்பு அலமாரியும் நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டியும் நினைவுக்கு வருகின்றன. இந்தத் தொகுப்பு அப்படி ஓரிடத்தில் இல்லை. பாவைகள் பெட்டியில் கிடக்கின்றன. எந்த இடத்தில் எந்தப் பாட்டு, அதற்கு என்ன விளக்கம் என்று சொல்லும் ‘ஆடல்பற்று’ ஏட்டில் இருக்கிறது. மிச்சமெல்லாம் புலவரின் நாவில். ஆம், பாவை பிடிப்பவரை அங்கே புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் நாயர்களும் உண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய்ச் சேர்ந்த தமிழ்க் குடிகளும் உண்டு.

கூத்து நடக்கும் கட்டடத்துக்குக் கூத்துமாடம் என்று பெயர். நீளம் 42 அடி. கோயிலுக்கு எதிரே, சன்னிதியைப் பார்த்து நிற்கும். ராமன் ராவணனைக் கொன்ற வேளையில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தப் போரைப் பார்க்க முடியாமல் போன குறை தீரத்தான் அவளுக்கு இந்தக் கூத்து என்பது ஐதிகம். ஆகவே முதல் ரசிகை அம்மன். மனிதர்கள் வந்தால் வரட்டும். திரையின் மேல்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. அதற்குப் பின்னால் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக 21 தேங்காய் மூடிகள், ஒவ்வொன்றிலும் எண்ணெயும் திரியும். நீளத்தை வகுத்துப் பார்த்தால் இரண்டடிக்கு ஒரு சுடர் வருகிறது. அம்மன் அருள் வந்து வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு கோயில் விளக்கிலிருந்து கொண்டுவரும் நெருப்பில்தான் அவற்றை ஏற்றுவார்கள். பேசாமல் நிற்க வேண்டிய பாவையை முள்ளால் திரையில் குத்தி நிறுத்துவது பழைய வழக்கம். யார் கையும் படாமல் அது நின்றாலும், பின்னால் சுடர் அசைய அசைய நிழல் உயிர்த்துக்கொண்டே இருக்கும். மின்விளக்கில் இந்த நயம் கிடையாது. வசதிக்காக பல்பு போடும் மேடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாவையின் நயம் வேறு. ஆந்திரத்துப் பொம்மைகள் ஆளுயரத்துக்கு நிற்பவை. தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி வண்ணம் தீட்டியிருப்பார்கள், திரையில் சிவப்பும் பச்சையும் கொஞ்சும். நம் பக்கத்துத் தோல்பாவையும் வண்ணத்தை நம்பியதுதான். பாலக்காட்டுப் பாவை சிறியது, முன்பெல்லாம் மான்தோலில் செய்தது. ஒளி அதற்குள் நுழையாது. நிழல் கறுப்பாகவே விழும். ஆகவே மகுடம், மாலை, ஆடைக்கரை, புருவம், விழி என்று சொல்ல வேண்டிய அத்தனையையும் துளைகளால் மட்டுமே சொல்லியாக வேண்டும். ஒரு பாவையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மார்பில் தொங்கும் மாலையில் ஒவ்வொரு மணியும் ஒரு துளை. தோளருகே பொடியாகத் தொடங்கி நெஞ்சுக்கு வரும்போது பருக்கிறது. மாலையின் கனமே அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு துளைகளுக்கு நடுவே நிற்கும் தோல் மயிரிழை அளவுதான். உளி சற்று வழுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும், மாலை அறுந்துபோகும். நடுவே பிளந்த மூங்கில் பாவையைத் தாங்குகிறது. பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். அந்த ஒற்றைக் கையின் ஏற்ற இறக்கத்தில்தான் கோபமும் கெஞ்சலும் ஆணையும்.

தோல் மடங்காது. அதனால் இருக்கும் ராமன் வேறு, நிற்கும் ராமன் வேறு, நடக்கும் ராமன் வேறு, போர் செய்யும் ராமன் வேறு. 71 பாத்திரங்களுக்கு 160 பாவைகள் வரை தேவைப்படுவது இதனால்தான். மரமும் கடலும் பறவையும்கூடத் தனித்தனித் தோல்.

முழுக்கூத்து 21 இரவு. கவளப்பாறை ஆரியங்காவு கோயிலில் இன்றும் அந்தக் கணக்குத்தான். கதை பஞ்சவடியில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடியும். கோதாவரியைச் சான்றோர் கவிதைக்கு ஒப்பிடும் பாட்டைக் கம்பன் வைத்திருப்பதும் அந்தப் பஞ்சவடியில்தான். ஒரு கூத்து தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் புலவர்கள் கம்பனோடு நிற்பதில்லை. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்கிறான். அவன் அங்கே இருப்பது தெரியாமல் லட்சுமணன் வெட்ட, அவன் மாள்கிறான். கம்பனில் இந்தக் கதை இல்லை. சமண ராமாயணங்களில் உண்டு, தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தில் உண்டு. அது எப்படியோ வந்து இந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு பாவையாகத் தங்கிவிட்டது. அதன் விளைவைப் பாருங்கள். ராமன் முன்னால் வந்து நிற்கும் சூர்ப்பணகை காமத்தால் மட்டும் வந்தவள் அல்ல, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அவள் வாயில் வரும் கம்பன் பாட்டுகள் அதே பாட்டுகள்தான். கேட்கிற காதுக்கு மட்டும் அவை வேறாகிவிடுகின்றன. ஒரு சொல்லையும் மாற்றாமல், முன்னால் ஒரு மரணத்தை வைத்தே ஒரு பாத்திரத்தை இவ்வளவு திருப்ப முடியும் என்பதைப் படிப்பறையில் இருந்து கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

பாட்டு முடிந்ததும் பொருள். அதில்தான் புலவரின் கல்வி தெரியும். பாவைகள் ஒன்றையொன்று கேள்வி கேட்கும். பதில் இலக்கணத்துக்குள் போகும், சோதிடத்துக்குள் போகும், வேறொரு புராணத்துக்குள் நுழைந்து வெளியே வரும். தமிழும் மலையாளமும் கலந்த நடை. இதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், பெரும்பாலும் மனப்பாடம்.

இடுக்கிப் பக்கம் போனால் இன்னொரு வகைத் தொகுப்பைப் பார்க்கலாம். மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் திறந்த தேயிலை அருங்காட்சியகம். அங்கே ஒரு கருங்கல் சூரியக் கடிகாரம் இருக்கிறது; 1913இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளை ரயிலின் சக்கரமும் அங்கே உண்டு. நல்ல தொகுப்பு, பார்க்க வேண்டியது. ஆனால் அந்தச் சக்கரம் இனி ஓடாது. ஷொரனூர் அருகே கூனத்தறையில் இருக்கும் பாவையோ, தேய்ந்தால் அதன்மேல் புதுத் தோலை வைத்துக் கீறி மறுபடி வெட்டுவார்கள். பழையதும் அசலும் இங்கே ஒன்றல்ல.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபின் மான்தோல் போய் ஆட்டுத்தோல் வந்தது. அந்தக் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியே மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காந்தி வரலாறும் திரையில் வந்துவிட்டது. இப்போது பெண்களும் பாவை பிடிக்கிறார்கள்; எப்போதோ நடந்திருக்க வேண்டியது. ஒரு மணி நேர நிகழ்ச்சிகளால் பாவை பிழைக்கும், அதில் சந்தேகமில்லை. பொருள் சொல்லும் கலைக்கு ஒரு மணி நேரம் போதாது என்பதுதான் என் கவலை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இங்கே வந்து இரவிரவாகக் கேட்டுப் பதிவுசெய்து, 1996இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். கேட்க ஆளில்லாத மாடங்களிலும் புலவர்கள் பாட்டையும் விளக்கத்தையும் தொடர்ந்ததை அவர் எழுதியிருக்கிறார். புலவர்கள் பாடும் பாட்டு அச்சுப் புத்தகத்திலிருந்து விலகும் இடங்களும் உண்டு. கம்பனுக்குப் பாடபேதம் தேடி ஏடு ஏடாகப் புரட்டிய நாம், பாடப்படும் இந்தப் பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோவையிலிருந்து கணவாயைத் தாண்டி ஷொரனூர் போக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மாசி பங்குனியில் ஆரணிய காண்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டு இரவு பத்து மணிக்குக் கூத்துமாடத்தின் முன்னால் உட்கார்ந்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.