தவிட்டிலிருந்து உதட்டுக்கு

சித்திரை வெயிலில் கைப்பைக்குள் கிடந்த லிப்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தால், சில சமயம் அதன் நுனியில் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் அரும்பியிருக்கும். வியர்த்துவிட்டது என்பார்கள் அதைச் செய்பவர்கள். லிப்ஸ்டிக்கில் பெரும்பகுதி எண்ணெய்தான்; பல வகைகளில் அது ஆமணக்கெண்ணெய். அந்த எண்ணெயை ஒழுகவிடாமல் குச்சியாக நிற்க வைப்பது மெழுகு. உருகிய மெழுகு ஆறும்போது நுண்ணிய படிகங்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னலின் கண்களுக்குள் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கிறது. பின்னல் தளர்ந்தால் வியர்க்கும். அளவுக்கு மீறி இறுகினால் சாயம் உதட்டில் ஏறாது, தோலை இழுக்கும்.

இந்த வேலையைப் பெட்ரோலிய மெழுகும் தேன்மெழுகும் நெடுநாள் செய்துவந்தன. அவற்றின் இடத்துக்கு இப்போது தாவர மெழுகுகள் முன்னிறுத்தப்படுகின்றன. வேலையில் அவை சோடை போகவில்லை. பிரேசிலின் வடகிழக்கே பியாவி, சியாரா மாநிலங்களில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையில் படிவது கார்னாபா மெழுகு. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். கார்னாபாவுக்கு 82 டிகிரிக்கு மேல் வேண்டும். சில சதவீதம் சேர்த்தாலே குச்சி வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தேன்மெழுகைக் கையில் பிசைந்தால் வளைந்து கொடுக்கும். கார்னாபாவை நகத்தால் கீறினால் சில்லுச்சில்லாக உதிரும். அதனால் ஒன்றை எடுத்துவிட்டு அதே அளவில் மற்றதைப் போட முடியாது. இரண்டு மூன்று மெழுகுகளைக் கலந்துதான் பக்குவம் பிடிக்க வேண்டும்.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. தாவரத்திலிருந்து வந்தது என்று சொன்னாலே இயற்கைக்குக் கேடில்லாதது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கார்னாபாவில் மரத்துக்குக் கேடில்லை என்பது உண்மை. வறண்ட மாதங்களில் ஓலையை மட்டும் அறுப்பார்கள், மரம் மறுபடி துளிர்க்கும். கேடு வருவது அறுக்கிறவருக்கு. நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் ஓலையைத் தள்ளுவது, வெயிலில் உலர்த்துவது, மெழுகுத்தூள் பறக்கப் பறக்கத் தட்டுவது என்று எல்லாம் பருவகாலக் கூலிகளின் உழைப்பு. அவர்கள் வெட்டவெளியில் படுத்து, வடிகட்டாத ஆற்றுநீரைக் குடித்து வேலை செய்வதை 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று காட்டியது. அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையிலிருந்து கார்னாபாத் தொழிலாளர்களைப் பிரேசில் அரசின் ஆய்வாளர்களே மீட்டிருக்கிறார்கள்.

கேண்டலில்லா மெழுகைத் தரும் செடியின் கதை இன்னும் கடினமானது. மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் வளரும் இந்தச் செடி நம் திருகுகள்ளிக்கு உறவு. இலையற்ற குச்சிகளாக நிற்கும். காட்டில் வளரும் அதை வேரோடு பிடுங்கி, கந்தக அமிலம் கலந்த நீரில் வேகவைப்பார்கள். நுரையாக மேலெழும் மெழுகை அகப்பையால் வழித்தெடுப்பவர் அமில ஆவிக்கு மேல்தான் குனிந்து நிற்கிறார். கந்தக அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலத்தால் எடுக்கும் முறையும் உண்டு. அது எங்கும் பரவ வேண்டும் என்பது என் ஆசை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் இந்தச் செடி இருக்கிறது. மெழுகாக எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். லிப்ஸ்டிக்காகி, விற்பனைக்குத் தயாரான பெட்டியில் அடைபட்டுவிட்டால் வேண்டியதில்லை. வாங்குகிறவர் கைக்கு வரும்போது செடியின் சுவடே அழிந்துபோகிறது.

இவற்றோடு வைத்துப் பார்க்கையில் தவிட்டு மெழுகின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. தவிட்டெண்ணெய் குளிரில் கலங்குவதற்கு அதிலுள்ள மெழுகும் ஒரு காரணம். அதனால் ஆலையில் எண்ணெயைக் குளிர்வித்து வடிகட்டுகிறார்கள். வடிகட்டியில் தங்கும் கசடைச் சுத்திகரித்தால் 80 டிகிரியை ஒட்டி உருகும் கெட்டி மெழுகு கிடைக்கிறது. இதற்கென்று ஒரு செடி பிடுங்கப்படுவதில்லை, ஒரு குழி நிலம் கூடுதலாக உழப்படுவதில்லை. சோற்றுக்காக விளைந்த நெல்லின் கடைசி மிச்சம் அது. சூரியகாந்தி எண்ணெயிலும் இப்படியே மெழுகு எடுக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்கப் பெரும்பாலான ஆலைகளில் பயன்படுவது ஹெக்சேன். அது பெட்ரோலியத்தின் பிள்ளை. கச்சா மெழுகு கருத்திருக்கும், வெளுக்க வேண்டும். அச்சில் ஊற்றியபின் ஆறும் வேகம் தவறினால் படிகங்கள் பருத்து, உதட்டில் நறநறவென்று தட்டுப்படும். இவை ஆலையிலும் ஆய்வகத்திலும் சரிசெய்யக்கூடிய குறைகள். வேரோடு பிடுங்கிய செடி அப்படியல்ல.

பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் மெழுகின் தாவரவியல் பெயர் இருக்கும். கோபர்னீசியா என்றால் கார்னாபா. யூஃபோர்பியா என்றால் கேண்டலில்லா. ஒரைசா சட்டைவா என்றால் நெல். ஓலையை அறுத்தவருக்கு என்ன கூலி, எந்த அமிலத்தில் வெந்தது என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. தாவர மெழுகு என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போடுகிற நிறுவனத்திடம் அந்த வரியைக் கேட்டு எழுத வேண்டும்.